ஷூ போட்டவருக்கு ஷாக் அடிக்காது

எண்பதுகளின் கடைசியில் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு மரவள்ளிக் கிழங்கு மாவு மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். தற்காலிக வேலைதான். கேட்டருகே எடைமேடை. லாரி ஏறி நின்றால் அதன் எடை ஒயர் வழியாக என் ரூம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட வேண்டும். வந்ததென்னவோ கேள்விக்குறியும் கோடும் கட்டமும். லாரிக்காரர்கள் ஜன்னலில் நின்று என்னைத் திட்டினார்கள். மானேஜர் உள்ளே வந்து திட்டினார்.

சேலத்திலிருந்து ஒரு இன்ஜினியர் இரண்டு முறை வந்தார். பெட்டியைத் திறந்தார், ஊதினார், மூடினார். பொம்பளைப் பிள்ளை கண்ட பட்டனை அழுத்துகிறது என்று மானேஜரிடம் சொல்லி, சர்வீஸ் ரிஜிஸ்டரில் 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிவைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் பின்னாலேயே போய், ஒயரைக் கழற்றினால் அதன் முனையிலிருக்கும் இரும்பு மூடி கையில் சுருக்கென்று அடிக்கிறது என்றேன். பிடித்துப் பார்த்தார். ஒன்றுமில்லை, பயந்தவளுக்கு எல்லாமே ஷாக்தான் என்றார். அதற்கு மானேஜர் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மூன்றாம் முறை இன்ஜினியர் வந்த அன்று காலையில், எடைக் குளறுபடிக்கு விளக்கம் கேட்டு என் கையில் மெமோ. சாயங்காலத்துக்குள் பதில் தராவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம். அந்த வேலையும் போனால் எனக்குக் கொல்லைக்காட்டில் கூலிக்குக் களைவெட்டுதான்.

கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பு கூடாது என்று வாசலில் போர்டு. தூசி ஆகாதாம். ஈரத்துணியால் துடைத்த சிமென்ட் தரையில் நான் நாளெல்லாம் வெறுங்காலோடு நிற்கிறேன். அந்தப் பெரிய மனுஷர் மட்டும் தடித்த ரப்பர் அடி வைத்த ஷூவோடு நேரே உள்ளே வருவார். அன்றைக்கு அந்த ஷூவைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

"ஷூவக் கழட்டிட்டுப் புடிங்க சார். அடிக்கலைன்னா நானே வூட்டுக்குப் போயிர்றேனுங்க."

மானேஜர் முறைத்தார். ஜன்னலில் இரண்டு டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இன்ஜினியருக்கு வேறு வழியில்லை. ஷூவைக் கழற்றி, நான் சொல்லி சாக்ஸையும் உருவி, ஒயர் முனையைப் பிடித்தார். அடுத்த நொடி அதை உதறிவிட்டு அரையடி துள்ளினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

வெறுங்காலோடேயே எடைமேடைக்கு ஓடினார். அங்கே எர்த் குழி பொடிமண்ணாகக் காய்ந்து, கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. மண்ணில் இறங்க வேண்டிய கரண்டு ஒயர் வழியாக என் ரூமுக்கு வந்து எண்களைக் கெடுத்திருக்கிறது. புதுக் கம்பி முடுக்கி, குழியில் உப்பும் கரியும் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அடுத்த லாரியின் எடை சுத்தமாக வந்தது.

வேலையைப் பாரம்மா என்று மானேஜர் தன் அறைக்குப் போய்விட்டார். இன்ஜினியர் ரிஜிஸ்டரில் 'எர்த் சரிசெய்யப்பட்டது' என்று எழுதி மூடினார். பழைய 'ஆபரேட்டர் தவறு' அப்படியே இருந்தது. பிறகு ஷூவைத் தேடினார். அதை நான் மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

"மொதல்ல எழுதுனத அடிங்க. தப்பு ஆபரேட்டரோடது இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்பறம் தர்றேனுங்க."

பைத்தியமா உனக்கு என்றார். நான் நகரவில்லை. வெளியே மாசி வெயில். ஒருமுறை கேட்டுக்குப் போய்வந்ததிலேயே அவர் பாதம் சிவந்திருந்தது. எழுதினார். வரி விடாமல் படித்துப் பார்த்த பிறகுதான் சாவியை எடுத்தேன்.

சாயங்காலம் ஆக இன்னும் நேரம் இருந்தது. ரிஜிஸ்டரை மானேஜர் மேசையில் விரித்து, அதன்மேல் மெமோவை வைத்தேன்.

"நீங்க கேட்ட பதிலுங்க சார்."