குறைந்த விலைக்கு வண்டி விற்றவர்

தாடிக்கொம்பில் ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்கு வந்தது. விற்றவர் ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். சட்டைப் பையில் சின்ன வேதாகமம் வைத்திருந்தார். எதைச் சொல்வதற்கு முன்பும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கேட்ட விலை மிகவும் குறைவாக இருந்தது. ஏற்கனவே ஒருமுறை பழைய வண்டி வாங்கி ஏமாந்தவன் நான். திருட்டு வண்டியோ என்று சந்தேகப்பட்டேன்.

"ஏண்ணே இம்புட்டுக் கம்மியா கேக்குறீங்க?"

கண்ணாடியைத் துடைத்தார். "மக காலேஜ் பீசுக்குச் சேத்து வச்சதுபோக இம்புட்டுத்தான் தம்பி கொறையுது. அதுக்கு மேல எனக்கெதுக்கு? கர்த்தர் போதுமானதக் குடுத்திருக்காரு."

நான் நம்பவில்லை. திண்டுக்கல்லுக்குப் போய் ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்தேன், மெக்கானிக்கிடமும் காட்டினேன். இரண்டு இடத்துக்கும் அவர் முகம் சுளிக்காமல் கூடவே வந்தார். குறை எதுவும் இல்லாததால் வாங்கிவிட்டேன்.

மறுவாரம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடுதலாகக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று, உள்ளே கூப்பிடாமல் வழியை மறித்து நின்றேன்.

"காலேஜ்ல பீசக் கொஞ்சம் கொறச்சுட்டாங்க தம்பி. இது உங்க காசு."

நாலு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை என் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பியதும், தாள்களை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் நல்ல நோட்டுகள்தான். ஆனாலும் அந்த மனிதரிடம் ஏதாவது தந்திரம் இருந்திருக்குமோ என்று என் மனசு இன்னும் வெட்கமில்லாமல் தேடிக்கொண்டிருக்கிறது.