நாலு பாத்திக்கும் சமமாக

பாரிசின் லா சப்பலில் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. இந்த வருடம் நகரசபைக்காரர் அதில் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு, பூச்சிகளின் நன்மைக்காக விட்டிருக்கிறோம் என்று ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள். மத்தியானம் ஒரு மட்டன் ரோலோடு போய் அங்கே குந்தினால், பக்கத்துப் புடவைக்கடை முதலாளி "இதென்ன அண்ணை, காடாக் கிடக்குது" என்று குறைப்படுவார். போன கிழமை பார்த்தால், காலடியில் வெள்ளை வெள்ளையாக உருண்டைப் பூக்கள். ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை, இலைக்கு நடுவே வெளிறிய பிறை. வெள்ளைக் குளோவர். ஒன்றைப் பிடுங்கி மணந்தேன். நீங்கள் சிரிக்கக்கூடாது, ரோல் ஆறிப்போகும்வரை அப்படியே இருந்துவிட்டேன்.

பிரான்சுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வேலை, புல் பிரிப்பது. ஊருக்கு எழுதும்போது 'ஆராய்ச்சி நிலையத்தில் வேலை' என்று எழுதினேன், பொய்யில்லைத்தானே. பாரிசுக்கு மேற்கே ஒரு புல்நில ஆராய்ச்சிப் பண்ணை. பாத்தி பாத்தியாக வெட்டிய புல்லைப் பைகளில் கொண்டுவந்து மேசையில் கொட்டி, குளோவர் ஒரு பக்கம், புல் ஒரு பக்கம், களை ஒரு பக்கம் என்று கையால் பிரிக்கவேண்டும். பிறகு உலர் அடுப்பில் வைத்து நிறுப்போம். அந்த அடுப்பிலிருந்து வரும் காய்ந்த புல்லின் இனிப்பு வாசம் சட்டையைவிட்டுப் போகாது. நான் குடியிருந்த கார்ஜுக்குத் திரும்பும் ரெயிலில் ஒரு மதாம் என்னை மணந்து பார்த்துவிட்டு, குதிரை வளர்க்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். ஆறு பேரோடு ஓர் அறையில் படுத்திருந்த காலம் அது. குதிரைக்கு எங்கே இடம்?

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் லூர்துசாமி. புதுச்சேரிக்காரர், அரசாங்க உத்தியோகத்தர், அடுப்புக்கும் தராசுக்கும் பொறுப்பு. பரிசோதனை எலேன் என்ற பெண்ணுடையது. முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கொண்டைக்குள் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். குளோவரின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. அவை காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்க, குளோவர் தான் தின்றது போகப் பக்கத்துப் புல்லுக்கும் கொடுக்கும். எவ்வளவு கொடுக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்காக நாலு பாத்தியில் குளோவரும் புல்லும் கலந்து, நாலு பாத்தியில் தனிப் புல். எதற்கும் உரமோ பசளையோ இல்லை. இரண்டு விளைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் குளோவரின் கொடை. அவள் கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது, ஆனாலும் 'வீ, வீ' என்று முழுதாகத் தலையாட்டினேன்.

அந்தத் தனிப் புல் பாத்திகள் பரிசோதனையின் மூன்றாம் வருட வசந்தத்தில் மஞ்சளாகி, பட்டினி கிடந்த பிள்ளைகள்போல நின்றன. எங்களுடைய ஆட்களுக்கு மஞ்சள் பயிர் கண்ணில் குத்தும். ஊரில் வெங்காயத்தாள் மஞ்சளித்தால் ரோட்டால் போகிறவனும் சைக்கிளை நிறுத்தி, யூரியா போடவில்லையோ என்று விசாரித்துவிட்டுத்தான் போவான். களஞ்சியத்தில் வேறொரு பரிசோதனைக்கு வாங்கிய பசளை மூட்டை வாய் திறந்து கிடந்தது. ஒருநாள் மழைக்கு முன்னால், யாரும் இல்லாத நேரம், அள்ளிக்கொண்டுபோய் எறிந்தேன். ஒன்றுக்குப் போட்டு மற்றதை விட மனம் வரவில்லை. நாலுக்கும் சமமாக, பாத்திக்கு இரண்டு கைப்பிடி. உபகாரம் செய்ததாக நினைப்பு வேறு!

அடுத்த வெட்டில் தனிப் புல்லும் கலப்புப் பாத்திகளுக்குச் சமமான நிறை காட்டியது. ஒரு பாத்தி மட்டும் பச்சையாகியிருந்தால், ஏதோ பிழை என்று எலேன் உடனே பிடித்திருப்பாள். நான் நியாயஸ்தன் அல்லவா, நாலும் ஒன்றுபோலப் பச்சை. அவள் தராசைச் சந்தேகித்தாள், அடுப்பைச் சந்தேகித்தாள், கடைசியில் குளோவரைச் சந்தேகித்தாள். அது ஒன்றுமே கொடுக்கவில்லையாம். பிரிக்கும் மேசையில் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவள் இருந்தபோதுதான், லூர்துசாமியிடம் என்ன நடந்தது என்று தமிழில் கேட்டேன். அவர் தமிழில் சொன்னார். செய்ததை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"வாயத் தொறக்காத தம்பி. மொதல்ல ஒன் கார்த் வரட்டும்," என்றார்.

கார்த் என்றால் வதிவிட அட்டை, என்னுடையது முடியப்போகிற நேரம். அதைப் புதுப்பிக்கப் பிரெபெக்சூர் கந்தோருக்கு வேலையிடத்துக் கடிதம் தேவை. அந்தக் கடிதத்தை எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தவளும் எலேன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பயந்தேன், அதை வேறு நல்ல சொல்லால் மூட எனக்கு இப்போது விருப்பமில்லை.

வயலின் ஓரத்தில் அதே புல், அதே நாளில் விதைத்தது, பசளை படாமல் ஒரு நீளத் துண்டாக நின்றது. அதை உழுது சோளம் போடலாம் என்று பண்ணை இயக்குநர் சொன்னார். எலேனும் தலையாட்டினாள், அவளுக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. உழவு இயந்திரம் வந்தபோது கேற்றைத் திறந்துவிட்டவன் நான். அந்தத் துண்டின் அருமை எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் அன்று காலை அவளிடம் சொல்வதற்கென்று அறைவரை போய்த் திரும்பிவந்தவன் நான்தான்.

அடுத்த திங்கட்கிழமை, அவள் குளோவரைப் பற்றிய அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதப்போகிறாள் என்று கேள்விப்பட்டு, என் ஓட்டைப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலுக்குமா?" என்று கேட்டாள்.

நாலுக்கும் என்றேன். மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அன்று எறிந்ததுபோல ஒரு பேப்பரில் எறியவைத்து நிறுத்துப் பார்த்தாள். பென்சிலை எடுத்து ஏதோ எழுதினாள். பிறகு முகம் விரிந்து, "அப்படியென்றால் த்ரெஃப்ல் வேலை செய்திருக்கிறது," என்று சிரித்தாள். த்ரெஃப்ல் என்றால் குளோவர். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன். அவள் எழும்பி யன்னலடிக்குப் போய், உழுதுகிடந்த கறுத்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன கிழமை சொல்லியிருந்தால் அந்த ஓரப் புல் இருந்தது. அதோடு ஒப்பிட்டிருப்பேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் வருடம் முழுவதையும் எறியவேண்டியதாயிற்று. இன்னொரு வருடத்துக்கு அவளுக்கு உதவித்தொகை நீட்டப்படவில்லை. தெற்கே எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விட்டாள் என்று லூர்துசாமி பிறகு சொன்னார். அவரும் ஓய்வுபெற்றுப் புதுச்சேரிக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டார். பண்ணையை விற்றுவிட்டார்கள். ஒருமுறை ரெயிலில் போகும்போது பார்த்தேன், அந்த இடத்தில் யன்னலில்லாத நீளமான சாமான் கிடங்குகள் நிற்கின்றன. எது எந்தப் பாத்தி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கடிதத்தை அவள் அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே எழுதித் தந்தாள். வேலையில் கவனமானவர், நம்பத்தகுந்தவர் என்று இருந்தது. ரெயிலில் இரண்டு தரம் வாசித்தேன், மூன்றாம் தரம் முடியவில்லை. பிரெபெக்சூரில் அதைக் கொடுத்து எனக்குக் கார்த் கிடைத்தது. எங்கள் ஆட்கள் எந்தக் கடுதாசிக்கும் மூன்று பிரதி எடுத்து வைப்பார்கள். அதற்கு மட்டும் ஒரு பிரதிகூட எடுக்க எனக்குக் கை வரவில்லை.