இல்லாத விசாவைக் கேட்ட இரண்டு நாட்கள்

மாட்டுங்காவில் ஒரு கல்லூரி ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், வெளிநாட்டு மாணவர்களுக்கான அட்மிஷன் கவுண்டரை என்னிடம் கொடுத்தார்கள். இது முதல் வாரத்தில் நடந்தது.

கேசவ் தாப்பா என்று ஒருவர் வந்தார். நேபாளக்காரர். செம்பூரில் தமிழர்கள் நிறைந்த ஒரு பில்டிங்கில் வாட்ச்மேன். ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்திருந்த மகள் சரிதாவை பி.எஸ்ஸி.யில் சேர்க்க வேண்டும். மார்க், சர்டிபிகேட் எல்லாம் சரியாக இருந்தன.

"ஸ்டூடண்ட் விசா எங்கே?" என்று கேட்டேன்.

"விசா கிடையாதே மாமி. நாங்க சும்மாதானே பார்டர் தாண்டி வரோம்." பில்டிங் மாமிகளிடம் கற்றுக்கொண்ட தமிழ்.

"ஃபாரின் ஸ்டூடண்ட்னா விசா வேணும். ஆன்லைன் ஃபார்ம்ல அந்தக் கட்டத்தை நிரப்பாம மேல போகாது."

மறுநாளும் வந்தார். அதையேதான் சொன்னேன். மூன்றாம் நாள் வரவில்லை. அட்மிஷனுக்கு அதுதான் கடைசி நாள்.

மனசு கேட்காமல் மதியம் சர்க்குலர் ஃபைலை எடுத்துப் படித்தேன். இரு நாட்டு உடன்படிக்கையின்படி நேபாளக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை என்று ஒரே வரியில் இருந்தது. படிக்க வருகிறவர்களுக்கும் பிழைக்க வருகிறவர்களுக்கும் பொது. தாப்பா இத்தனை வருஷம் செம்பூரில் வேலை பார்ப்பதே அந்த உடன்படிக்கையின் பேரில்தான். எனக்கு உறைக்கவில்லை.

உடனே போன் செய்தேன்.

"சரிதா ஊருக்குக் கிளம்பிட்டா மாமி. குர்லா டெர்மினஸ்ல கோரக்பூர் வண்டிக்கு நிக்கறா."

"ஏற வேண்டாம்னு சொல்லுங்கோ! விசா தேவையில்லை. தப்பு என்னோடது."

உடனே லைன் துண்டானது.

சூப்பரின்டெண்டென்ட் ராமநாதன் சாரிடம் ஓடினேன். "விசா கட்டத்தை விட்டுட்டுக் கையால என்ட்ரி போடணும்னா பிரின்சிபாலுக்குக் காரணம் எழுதணும்மா. ரூல் தெரியாம திருப்பி அனுப்பினேன்னு எழுதித் தருவியா? உன் சர்வீஸ் ஃபைல்ல ஏறிடும்," என்றார். ப்ரமோஷன் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. அவருக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தேன்.

நாலரை மணிக்குச் சரிதா பெட்டியோடு வந்து நின்றாள். பக்கத்தில் யூனிபார்மோடு தாப்பா. கையெழுத்துப் போட்டு முடித்ததும் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்து ஹிந்தியில் கேட்டாள்: "நாளைக்கு வேற ஏதாவது பேப்பர் கேப்பீங்களா?"

"கேக்க மாட்டேன்," என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த வருஷம் ப்ரமோஷன் வரவில்லை. ஆனால் இன்றும் என்னை உறுத்துவது அந்தக் கேள்விதான்.

இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசித் திறந்து வைத்த கதவை நான் ஒரு கவுண்டரில் உட்கார்ந்து மூடியிருந்தேன். அதற்குப் பிறகு ஒருவரிடம் "முடியாது" என்று சொல்லும் முன்னால், அப்படிச் சொல்லும் வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்ப்பேன். பல தடவை அந்த வரி இருந்ததே இல்லை.