ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பேசிய மஸ்கட்காரன்

மஸ்கட்டிலிருந்து நான் கூப்பிட்டால், இராஜபாளையத்தில் என் மனைவி எஸ்தரின் கைபேசியில் இந்திய எண்தான் விழும். தினம் ஒரு எண். முதல் நாள் தெரியாத எண் என்று அவள் எடுக்கவே இல்லை. மறுநாள் எடுத்தவள், "எங்க இருந்து பேசுறீய? சொல்லாம கொள்ளாம ஊருக்கு வந்துட்டியளா?" என்று சத்தம் போட்டாள். இருவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

இங்கே கைபேசிச் செயலிகள் பலவற்றில் எழுத்தும் குரல்பதிவும் போகும், நேரடிப் பேச்சு போகாது. அரசு அனுமதித்த சிலவற்றில் மட்டும் காசு கட்டிப் பேசலாம். அதனால் எங்களைப் போன்ற தொழிலாளிகள், தங்கும் முகாமுக்குப் பக்கத்துக் கடையில் ரகசியமாக ஏற்றித் தரும் மலிவான செயலியை நாடுவோம். கடைக்காரர் இந்த நாட்டுக்காரர், தமிழ் தெரியாது. "மம்னூ?" என்று அரைகுறை அரபியில் கேட்டேன், தடை உண்டா என்னும் பொருளில். "மாஃபி முஷ்கில்" என்று தோளில் தட்டினார். பிரச்சினை இல்லையாம். இணைப்பில் பிரச்சினை இல்லையா, சட்டத்திலா என்று கேட்க எனக்கு அரபி போதவில்லை. ஊரில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் நான் மெக்கானிக், எஸ்தர் பேக்கிங். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் பழகினோம், கட்டிக்கொண்டோம். பேசுவதற்கு ஒரு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்பது அப்போது கனவிலும் தோன்றியதில்லை.

பிறகு சில நாட்கள் அவள் போனை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு குரல்பதிவு வந்தது. கிசுகிசுப்பாக இருந்தது. "போன் போடாதீய. ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் டேசனுக்கு வரச்சொல்லி விசாரிச்சாக."

நடந்தது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடியறை ஒன்றை வாடகைக்குப் பிடித்த யாரோ, கேபிள் இணையம் வழியே வரும் வெளிநாட்டு அழைப்புகளை, ஒரு பெட்டி நிறைய சிம் கார்டுகளைச் செருகி, உள்ளூர் அழைப்புகளாக மாற்றிவிட்டிருக்கிறார்கள். உரிமம் கிடையாது. என் மலிவுச் செயலியின் அழைப்புகளும் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. பேசுவது யார், எந்த நாட்டிலிருந்து என்று அரசுக்கும் தெரியாது. போலீசார் அறையைச் சோதனை போட்டு, அந்த சிம்களிலிருந்து அடிக்கடி அழைப்பு போன எண்களைத் துருவியதில் எஸ்தர் அகப்பட்டாள்.

"ஒன் புருசன் எங்கம்மா?"

"மஸ்கட்ல சார்."

"மஸ்கட்ல இருக்கவன் தெனமும் இந்த ஊர் டவர்ல இருந்து எப்படிம்மா பேசுவான்? அந்த ரூம்ல இருந்தது அவந்தான?"

என் விசா நகலைக் காட்டியிருக்கிறாள். சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்து, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம். பஸ் ஏறி வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம்.

நான் கடைக்கு ஓடினேன். என் மனைவியை ஊர்ப் போலீஸ் விசாரித்ததைச் சொல்ல வந்த எனக்கு, "ஷுர்த்தா" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது. போலீஸ் என்று அர்த்தம். கடைக்காரர் முகம் வெளுத்துப் போனது. தெருவின் இரு பக்கமும் பார்த்தார், என்னை வெளியே தள்ளினார், ஷட்டரை இறக்கினார். இந்த நாட்டுப் போலீஸ் என் பின்னாலேயே வருவதாக நினைத்துவிட்டார். வரமாட்டார்கள் என்று யார் சொன்னது? எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வழியிலேயே நின்று அந்தச் செயலியை அழித்தேன்.

எஸ்தரைப் போலீசார் மறுபடி அழைக்கவில்லை. விசாரணை முடிந்துவிட்டது என்றும் யாரும் சொல்லவில்லை. இப்போது அனுமதி உள்ள செயலியில்தான் பேசுகிறோம். ஆனாலும் அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வந்து உட்காருகிறாள்.

"செத்த மெதுவாப் பேசுங்க."

"ஏட்டி, இது பர்மிஷன் உள்ளதுதான்."

"இருக்கட்டும்."

நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். எந்த நாட்டுப் போலீசுக்குப் பயந்து என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.