பத்தாவது கேள்வி

நான் பொய் சொன்னேன். 1911ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குச் சொன்னேன். முந்தின மாலையிலிருந்து விடாத மழை ஆஸ்பத்திரி ஓடுகளின் மேல் இரைந்துகொண்டிருந்தது. என் மனைவியின் நினைவைச் சோதித்த டாக்டரிடம் சொன்ன பொய் அது. வாய் தவறி வந்ததல்ல, அறிந்தே சொன்னேன்.

வருந்துகிறேனா? பொறுங்கள்... கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

பாளையங்கோட்டையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பெயர் மாசிலாமணி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் அதைச் சுற்றித்தான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. எங்களைப்போல் கிறிஸ்தவர்களான வேதக்காரக் குடும்பங்களிலும் அப்படித்தான். நானோ அப்போது புதுமை பேசிய இளைஞன்! வீட்டுக்குள்ளாவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று பாக்கியத்திடம் மூன்று மாதம் மன்றாடினேன். ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னாள். பிறகு வெட்கம் போயிற்று. ஒரு கோடை விடுமுறையில் எண்ணிப் பார்த்தேன்: நாளொன்றுக்குப் பதினொரு தடவை. எங்கள் வாசலுக்கு வெளியே ஒருவருக்கும் இது தெரியாது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அவள் மறக்கத் தொடங்கினாள். முதலில் குழம்புக்கு உப்பு. பிறகு ஞாயிற்றுக்கிழமை. பிறகு, தன் தாய் இறந்துபோனதையே மறந்து, அவளைப் பார்க்க முக்கூடலுக்கென்று ஆற்றங்கரை வழியே நடந்தாள். ஒரே வாரத்தில் மூன்று முறை! மூன்றாம் முறை கைபிடித்துக் கூட்டிவந்தவர் அடுத்த வீட்டு அருளப்பன்.

“அண்ணாச்சி, ஆத்துல வெள்ளம் வரப்போற நேரம். நீரு கண்ணசந்தப்போ எறங்கிட்டாகன்னா என்ன செய்வீரு? மதராஸ்ல இதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்குல்லா?”

“நான் கண்ணசர மாட்டேன்வே.”

“நீரு என்ன ஆந்தையாவே? மொதல்ல டாக்டரம்மாகிட்ட காட்டும்.”

காட்டினேன். டாக்டரம்மா வெள்ளைக்காரி, இரண்டு ஆண்டில் தமிழைப் புத்தகம் பார்த்துக் கற்றவர். ஒரு தேதி குறித்தார். பத்துக் கேள்விகள் கேட்பார். ஏழுக்குச் சரியான பதில் வந்தால் பாக்கியம் வீட்டில் இருக்கலாம். குறைந்தால் மதராஸுக்குக் கடிதம்.

பத்தில் ஏழு! வாழ்நாளெல்லாம் அப்படித்தானே பிள்ளைகளைத் தேற்றிவிட்டேன்? என்னென்ன கேட்பார் என்று ஊகித்து இருபத்திரண்டு கேள்விகள் எழுதினேன். பத்தொன்பது நாட்கள் அவளைப் பயிற்றினேன். என் பெயரை அதில் எழுதவில்லை. அதையுமா மறப்பாள் என்ற அகந்தை...

அன்று காலை, கிழமை என்ன என்று டாக்டர் கேட்டதும் என் குடையால் தரையை மூன்று முறை தட்டினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய். பாக்கியம் சரியாகச் சொன்னாள். அதுவும் திருட்டுத்தான், ஆனால் சின்னத் திருட்டு. மாதம், ஊர், தகப்பன் பெயர், பிள்ளைகள் எத்தனை, நாங்கள் போகும் கோயில், எல்லாம் சரி. ஆண்டு தவறு.

“நம்மை இப்போது ஆளுகிறவர் யார், அம்மா?”

“ராணியம்மாதான். ஒங்க ஊருக்காரிதான, ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?”

ராணி போய்ப் பத்து ஆண்டாகியிருந்தது. தவறு.

பிறகு டாக்டர் ஐந்து பொருள்களைக் காட்டி, துணியால் மூடி, என்னென்ன இருந்தன என்றார்.

“நீங்களே ஒளிச்சு வச்சுட்டு என்கிட்ட கேக்குதீகளே, இது நல்லாயிருக்கா?”

டாக்டர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். தவறு. ஒன்பதில் ஆறு. ஒன்றுதான் மீதி.

“உம்முடைய கணவரின் பெயர் என்ன?”

பாக்கியம் என்னைப் பார்த்தாள். அவள் உதடுகள் சேர்ந்தன. மாசிலாமணி என்பதற்கும் உதடுகள் சேரவேண்டும். மறந்துட்டேன் என்பதற்கும் சேரவேண்டும். ஒரு விநாடிதான்... என்னால் பொறுக்க முடியவில்லை!

“டாக்டரம்மா, எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்லமாட்டார்கள். அது கூடாது. இவள் ஒரு நாளும் சொன்னதில்லை” என்றேன்.

“அறிவேன், அறிவேன்! இவ்வூர் வழக்கம் அறிந்தும் கேட்டது என் பிழை” என்று அந்த அம்மாள் மகிழ்ச்சியோடு சரியென்று குறித்தார். ஏழு.

பாக்கியத்தை வில்வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் அவள் தலை குனிந்தே இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றியதும் கேட்டேன்: “பாக்கியம், என் பேர் என்ன?”

அவள் புதுப்பெண்போல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சொல்லப்படாதுன்னு நீங்கதான அந்த அம்மாகிட்ட சொன்னீக?”

மறந்துவிட்டாளா? என் சொல்லுக்குப் பணிந்தாளா? ஆண்டை மறந்தவள், ராணி செத்ததை மறந்தவள், நான் சொன்ன ஒரு பொய்யை மட்டும் எப்படி மறக்காமல் வைத்திருந்தாள்? கெஞ்சினேன். கோபித்தேன். கதவைச் சாத்திவிட்டு நானே சுவரைப் பார்த்து நின்றேன். நாளுக்கு ஒரு முறை தவறாமல் கேட்டேன். அதே பதில். பின்னாளில் பேச்சே குறைந்தபோது, விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

அந்த ஒரு விநாடி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். இருந்திருக்கலாம். அவள் சொல்லாமல் போயிருந்தால்? நான் இங்கே ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்க, அவள் முகம் தெரியாதவர்கள் நடுவே முக்கூடலுக்கு வழி கேட்டுக்கொண்டிருப்பாள். மாட்டேன்! அதே காலை, அதே மழை திரும்ப வந்தாலும் அதே பொய்யைச் சொல்வேன். அருளப்பன் சொன்னபடி ஆந்தையாகவே இருந்தேன். அவள் ஆற்றில் இறங்கவில்லை. 1914 ஏப்ரல் 3ஆம் தேதி, என் வீட்டில், என் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். கடைசியில் அவள் உதடுகள் சேர்ந்தன. குனிந்து காது கொடுத்தேன்... ஒன்றும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கணக்கை மட்டும் முடிக்கிறேன். சோதனை நாளிலிருந்து அவள் போன நாள்வரை எண்ணூற்று எழுபத்தொரு நாட்கள். நாளொன்றுக்குப் பதினொன்று. பெருக்கிப் பாருங்கள்.

ஒன்பதாயிரத்து ஐந்நூற்று எண்பத்தொரு தடவை.