பிரிக்காத பொட்டலம்

கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. ஐசியூவுக்கு வெளியே எனக்கு அடுத்த நாற்காலியில் ஒன்பது நாளாக உட்கார்ந்திருந்தார் ஓர் அன்னூர்க்கார அம்மா. நெற்றி நிறையத் திருநீறு, கசங்கிய நூல் சேலை. உள்ளே அவருடைய மகன். என் மனைவியும் உள்ளேதான். கதவு திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாவின் கை தன் முந்தானை முடிச்சைப் போய்த் தொடும்.

முடிச்சுக்குள் ஒரு காகிதப் பொட்டலம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பதைப் பூ கேட்பது என்போம். வெள்ளை வந்தால் பிழைத்துக்கொள்வார்கள். அவர் எடுத்திருந்தார், பிரிக்கவில்லை.

"ஏனுங்கம்மா, பிரிச்சுப் பாக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"செவப்பா இருந்துபோட்டா, அப்பறம் நான் ஆரைக் கும்புடறதுங்க?" என்றார். "உங்க ஊட்டுக்காரம்மாவுக்குப் பூ கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. வெள்ளைதான் வந்துச்சு."

"அப்ப உங்களுக்கென்னங்க கவலை!" என்று மேலே பார்த்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலமே என் மனைவியை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு அந்த நாற்காலியைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முந்தானை முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்.