வீடு பிடிக்கும் ஆட்டம்

வீட்டுக்காரர் தணிகாசலம் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். "ஆறுதலா வாங்கோ அண்ணை" என்றேன். மெதுவாக வாருங்கள் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் பாதிப் படியில் நின்றுவிட்டார். "யாரு பூட்டாங்க?" என்றார் கலவரமாக. யாரும் சாகவில்லை என்று நம்பவைப்பதற்குள் எனக்கு நா வறண்டுவிட்டது. ஊரில் இருப்பவர்களுக்கும் வள்ளம் ஏறக் காத்திருப்பவர்களுக்கும் சொல்கிறேன், மொழி ஒன்றுதானே என்ற தைரியத்தில் மட்டும் இங்கே வந்துவிடாதீர்கள். அம்பத்தூர் மேனாம்பேட்டில் நான் வாய் திறந்தால் கேட்கும் முதல் கேள்வி, "சார் கேரளாவா?" என்பதுதான். பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவன் நான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு நாளும் விழுங்குவது எனக்கு அருவருப்பாகவே இருக்கிறது.

இந்த அருவருப்பை இரண்டு மடங்காக்க வந்து சேர்ந்தவன் பர்வீஸ். ஈரான்காரன், வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிப்பதாகப் பேர். வெளிநாட்டவர் பதிவு செய்யும் அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன். அவன் நாட்டிலும் சண்டை, என் நாட்டிலும் சண்டை, அதில் ஒட்டிக்கொண்டோம். பேருந்துப் படிக்கட்டிலும் சினிமாக் கொட்டகையிலும் தமிழ் கற்றவன் அவன். "இன்னா நைனா, சூடா ஒரு டீ போடு" என்று அவன் சொன்னால் டீக்கடைக்காரர் ஆடை மிதக்கக் கொடுப்பார். நான் தேத்தண்ணி கேட்டால் தண்ணீர்ச் செம்பைக் காட்டுவார்.

ஞாயிறு மத்தியானங்களில் அவன் ஒரு மரப்பெட்டியோடு என் அறைக்கு வருவான். விரித்தால் அதுவே பலகை. தக்தே என்பான், இங்கிலீஷில் பேக்கேமன். ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. அவன் காய்கள் போகும் திசைக்கு என் காய்கள் எதிர்த்திசையில் போகவேண்டும். நான் முதல் மாதம் முழுக்கத் தப்பான பக்கமே நகர்த்தினேன். சதுரங்கம் ஆடிப் பழகியவனுக்கு இது ஓர் ஆட்டமாகவே படவில்லை. மூளையைக் கசக்கி யோசித்தால் பகடை காலை வாரும். பர்வீஸ் யோசிப்பதே இல்லை. தர்பூசணி விதையைக் கொறித்துத் தோலைப் பலகையில் துப்பிக்கொண்டே ஜெயிப்பான். எச்சில் தோலை விரலால் ஒதுக்கித்தான் என் காயை எடுக்கவேண்டும். சீ என்று இருக்கும். ஆனாலும் அடுத்த ஞாயிறு அவனுக்காகக் காத்திருப்பேன். என்னை மலையாளியா என்று கேட்காத ஒரே ஆள் அவன்தான்.

ஒரே இடத்தில் இரண்டு காய் சேர்ந்தால் எதிராளி அங்கே வந்து உட்கார முடியாது. அதற்குப் பாரசீகத்தில் வீடு என்று பெயராம். பர்வீஸ் அதை ஊடு என்று பெயர்த்துக்கொண்டான். வினை அங்கேதான் பிடித்தது. அன்றும் கதவு திறந்தே கிடந்தது. "மச்சான், ரெண்டு ஊடு புடிச்சுட்டேன். இன்னும் ஒண்ணு புடிச்சா உன் ஆளு உள்ளயே வர முடியாது" என்றான் அவன். "நீர் என்ன செய்தாலும் நான் இந்த வீட்டை விடமாட்டன்" என்றேன் நான். நிமிர்ந்தால் வாசலில் தணிகாசலம்.

"இன்னா, ஊடு புடிக்கிறீங்களா?" என்றார். "கழனியெல்லாம் கம்பெனிக்குப் பூட்டப்புறம் மிச்சம் கீறது இந்த ஊடு ஒண்ணுதான். நாளிக்கே காலி பண்ணு."

சிலோன்காரனுக்கு அறை கொடுக்க ஆள் இல்லாத காலம் அது. நூம்பலிலிருந்து ஆவடி வரை கேட்டுக் கேட்டு அலைந்து, கடைசியில் கிடைத்த அறை. பதறிப்போனேன். "அண்ணை, பிழையா விளங்கிப்போட்டியள். இது சும்மா பகிடிக்கு" என்றேன். பகிடி என்றால் எங்களுக்கு வேடிக்கை.

"பகடையா? சூதாட்டம் வேற ஆடிகினு கீறீங்களா?"

ஊரில் எங்கள் வீட்டைப் பட்டாளம் பிடித்து, மேல்மாடியில் மண்மூட்டை அடுக்கிக் காவல் இருக்கிறது. அம்மா நட்ட செவ்விளநீர் மரத்தைத் தறித்துப் பதுங்குகுழிக்கு மூடியாகப் போட்டார்களாம். வீடு பறிகொடுத்து வந்தவனைப் பார்த்து, வீடு பிடிக்க வந்தவன் என்கிறார் இந்த மனிதர். அதை மறுத்துச் சொல்ல என்னிடம் இருந்த தமிழ் எதுவும் அவரிடம் செல்லுபடியாகவில்லை.

பர்வீஸ் விதையைத் துப்பிவிட்டுச் சாவகாசமாகச் சொன்னான். "டென்சன் ஆவாத அண்ணாத்தே. ரெண்டு காய் ஒண்ணா குந்திகினா அது ஊடு. ஒண்டியா கீற காய வெட்டிடலாம். அவ்ளோதான் மேட்டரு."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" தணிகாசலம் சட்டெனத் தணிந்துவிட்டார். என்னைக் காட்டி அவனிடம் கேட்டார். "இவரு பேசற பாஷ உனக்குப் புரியுதா நைனா?"

அறை பிழைத்தது. என் தமிழுக்கு ஒரு பாரசீகன் ஜாமீன் நின்றதில் பிழைத்தது. அன்றைக்கு எனக்கு அந்த மனிதர் மேல், பர்வீஸ் மேல், என் நாக்கின் மேல், எல்லாவற்றின் மேலும் வெறுப்பு மண்டியது.

அவர் போகவில்லை. பலகை ஓரம் குந்தி வேடிக்கை பார்த்தார். என் காய் ஒன்று வெட்டுப்பட்டு, பலகையின் நடுக்கட்டையில் ஏறியது. "இது இன்னாத்துக்கு நடுவுல குந்திகினு கீது?"

"வெட்டுப்பட்ட காய் அண்ணாத்தே. என் ஊட்டு வழியாதான் திரும்ப உள்ள வரணும்" என்றான் பர்வீஸ்.

பகடையை உருட்டினேன். இரண்டிலும் ஒற்றைப் புள்ளி. "தாயம்" என்றோம், நானும் தணிகாசலமும் ஒரே நேரத்தில். அவர் ஊரிலும் என் ஊரிலும் தாயம் விழுந்தால் காய் உள்ளே போகும். அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றுபோலச் சொன்ன முதல் சொல் அது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன்.

"அந்த ஊடு என்னுது மச்சான்" என்று பர்வீஸ் முதல் கட்டத்தில் ஜோடியாக நின்ற தன் காய்களைத் தொட்டுக் காட்டினான். "ஒண்ணு வுழுந்தா உள்ள வர முடியாது."

தணிகாசலம் முகம் சுளித்தார். "தாயம் வுழுந்தும் உள்ள உடலன்னா இன்னா ஆட்டம்பா இது" என்று எழுந்து கீழே போனார். பர்வீஸ் பகடையை எடுத்துக் குலுக்கினான். என் காய் நடுக்கட்டையிலேயே இருந்தது.